காட்சியும் ஐயமும்: காதல் நகைச்சுவைப் படங்களின் தொடக்கம் குறித்து ஒரு கருத்து

திரைப்படத்தை ஆய்வுப்பொருளாகக் கொள்ளும் தமிழியல் ஆய்வுகள் பலவற்றில் ஒரு நடைமுறை வேரூன்றியுள்ளது. கதைச்சுருக்கம் தரப்படும், பாடல் வரிகள் எடுத்துக்காட்டப்படும், இறுதியில் 'இது குறிஞ்சி', 'இது பாலை' எனத் திணைப்பெயர் சூட்டப்படும். ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் ஒலியும் ஆய்வுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. அகப்பொருள் இலக்கணம் பெயர் சூட்டுவதற்கு மட்டுமன்றிக் காட்சியமைப்பை ஆராய்வதற்கும் கருவியாகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. காதல் நகைச்சுவைப் படங்களின் தொடக்கக் காட்சிகள் அதற்குத் தக்க சான்றாகின்றன.

தொல்காப்பியர் களவியலில் முதற்காட்சியை அடுத்து ஐயத்தை வைக்கிறார். எதிர்ப்பட்டவள் தெய்வமகளோ மானிடமகளோ என்னும் அவ்வையத்தைக் களைவனவாக வண்டு, இழை, வள்ளி, பூ, கண், அலமரல், இமைப்பு, அச்சம் ஆகியவற்றைச் சுட்டுகிறார். இவற்றுள் பல சேய்மையில் புலப்படாதவை. இமைப்பைக் காண அணுகி நிற்றல் வேண்டும். எனவே, ஐயத்திலிருந்து தெளிவுக்குச் செல்லுதல் சேய்மைக் காட்சியிலிருந்து அண்மைக் காட்சிக்குச் செல்லுதலும் ஆகும். கீரிப்பாறையில் விடியுமுன் ரப்பர் மரங்களில் பால்வெட்டச் செல்வோரைக் கண்டு வளர்ந்த எனக்கு இவ்வரிசை புதிதன்று. முதலில் மரங்களிடையே ஓர் ஒளி அசையும், யாரெனத் தெரியாது, அருகில் வந்த பின்னரே நெற்றிவிளக்கும் முகமும் தனித்தனியே தோன்றும்.

மணிரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி' (2015) இவ்வையத்திலேயே தொடங்குகிறது. மும்பை இரயில் நிலையத்தில் ஆதி ஒரு நடைமேடையிலும் தாரா எதிர் நடைமேடையிலும் நிற்கின்றனர். அவள் இரயில் முன் பாயப் போகிறாள் என்று அவன் பதறுகிறான். இடையில் தண்டவாளம், பின்னர் அதன்மேல் வரும் இரயில் பார்வையையே மறைத்துவிடுகிறது. அவள் உயிர்விட முனையவில்லை என்பது பிறகே விளங்குகிறது. ஆதியின் ஐயம் பார்வையாளரின் ஐயமுமாகிறது. அதை உருவாக்குவது உரையாடல் அன்று, தொலைவும் மறைப்புமே.

ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) இதற்கு மாறானது. மெரினாக் கடற்கரைப் பாடலில் வாசுவும் காஞ்சனாவும் முன்பே காதலர்களாகத் தோன்றுகின்றனர். அவர்களிடையே ஐயத்திற்கு இடமில்லை. அந்த ஐயமின்மை பின்வரும் நகைக்கு அடித்தளமாகிறது. வாசு செல்வந்த முதியவராக வேடமிட்டு வரும்போது, உண்மை அறிந்த நாம் அறியாத விசுவநாதனைக் கண்டு நகைக்கிறோம். மெய்ப்பாட்டியல் நகைக்குக் கூறும் நான்கு களன்களுள் பேதைமையும் ஒன்று. முன்னைய படத்தில் அப்பேதைமையில் பார்வையாளருக்கும் பங்குண்டு, பின்னையதில் பங்கில்லை. இவ்வேறுபாட்டைத் தொடக்கக் காட்சியே தீர்மானித்துவிடுகிறது. கதைச்சுருக்கம் மட்டும் எழுதும் ஆய்வுக்கு இது புலப்படாது.

இவ்வியக்குநர்கள் தொல்காப்பியத்தைப் பின்பற்றினர் என்பது என் வாதமன்று. அவ்வாறு நிறுவ முயல்வது இலக்கணத்திற்கும் திரைக்கலைக்கும் ஒருங்கே ஊறு செய்யும். முதற்சந்திப்பைப் படிநிலைகளாகப் பகுத்துக் காணும் கூரிய பார்வை நம் மரபில் உண்டு. அதனைக் கொண்டு ஒளிப்பதிவின் தொலைவையும் காட்சித்துண்டின் கால அளவையும் ஒலியையும் அளந்து எழுதலாம் என்பதே வேண்டுகோள். திணைப்பெயர் சூட்டுவதோடு அமைவோமாயின், திரைப்பட ஆய்வுக்கு நாம் புதிதாக எதையும் அளித்தவர்கள் ஆகோம். தொல்காப்பியத்தையும் வெறும் பெயர்ப்பட்டியலாகச் சுருக்கியவர்கள் ஆவோம்.