அரியலூர் லாட்ஜும் ஆயிரத்து முன்னூறு மைலும்

பயணக் கட்டுரை எழுதுற நம்ம பதிவர்கள்ல பாதிப் பேராவது ஹோட்டலை ஆன்லைன்ல புக் பண்ணி ஏர்லைன் மைல் சேர்க்கிற கோஷ்டியா இருப்பீங்க. நானும் அந்தக் கோஷ்டிதான். அதனால இதை ஊருக்கு உபதேசம்னு நினைக்காதீங்க, வாக்குமூலம்னு வெச்சுக்கங்க.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. முன்பதிவுத் தளத்துல ரூம் போடும்போது உங்க விமானக் கம்பெனி உறுப்பினர் எண்ணையும் கொடுத்தா, தங்கிட்டு வந்த சில வாரத்துல மைல் கணக்குல ஏறும். பறக்கவே வேண்டாம். 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன்னோட மைல் திட்டத்தை ஆரம்பிச்சப்போ பறந்தவனுக்குத்தான் மைல். இப்ப கார்டு தேய்ச்சா மைல், ரூம் போட்டா மைல். நம்ம நாட்டுக் கூத்து இன்னும் ஜோர். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ம் தேதியோட பறக்கறதை நிறுத்திடுச்சு. ஆனா அதோட மைல் திட்டம் தனிக் கம்பெனி, அதுல எதிஹாடுக்குப் பாதிக்கு மேல பங்கு. அதே வருஷம் அது இன்டர்மைல்ஸ்னு பேரை மாத்திக்கிட்டு, ஹோட்டல் போடுங்க மைல் தர்றோம்னு கடையைத் தொடர்ந்து நடத்துச்சு. விமானம் தரையில, மைல் மட்டும் ஆகாசத்துல! ஜெட்டைக் கலைச்சு சொத்தை வித்துடுங்கன்னு உச்ச நீதிமன்றமே 2024 நவம்பர்ல சொல்லிடுச்சு.

சரி, மேட்டருக்கு வர்றேன்.

எங்களுக்கு ஊர் பெரம்பலூர். அக்கா கல்யாணம் மாப்பிள்ளை ஊரான அரியலூர்ல. பெரம்பலூர் டவுனுக்கு ரயில் கிடையாது, எங்களுக்கும் ஸ்டேஷன்னா அரியலூர்தான். சென்னைச் சொந்தம் மொத்தமும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல வர்றதா ஏற்பாடு. அது ராத்திரி எழும்பூர்ல கிளம்பி, விடியறதுக்கு முன்னாடியே அரியலூர்ல இறக்கிவிட்டுடும். மொத்தம் பதினோரு ரூம் தேவை.

அப்பா சொன்னது ஒரே வரி. "டேய், ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜ் அண்ணனுக்கு ஒரு போன் போட்டுடு, டைரியில எழுதிக்குவாரு."

நான் யாரு, இன்ஜினியராச்சே. :-) டைரியா, இந்தக் காலத்துலயான்னு சிரிச்சுட்டு ஒரு தளத்துல தேடினேன். அதே லாட்ஜ் இருந்துச்சு, ரூம் 1,500 ரூபாய். ஆன்லைன்ல காட்டினது ஏழு ரூம்தான், மிச்சம் நாலை இன்னொரு லாட்ஜ்ல போட்டேன். கிரிஸ்ஃப்ளையர் எண்ணையும் கொடுத்தாச்சு. கல்யாணச் செலவுல மைல்! அன்னிக்கு ராத்திரி எனக்கே என்னை நினைச்சுப் பெருமையா இருந்துச்சு.

கல்யாணம் ஞாயித்துக்கிழமை, ஆறு டு ஏழரை முகூர்த்தம். நான் ரூம் போட்டதும் ஞாயித்துக்கிழமைக்கு. எங்க பக்க லாட்ஜ்ல எல்லாம் 24 மணி நேரக் கணக்கு. காலைல நாலு மணிக்கு நுழைஞ்சா மறுநாள் நாலு மணி வரைக்கும் ரூம் உங்களுது. ஆனா தளத்துல போட்டா பகல் பன்னெண்டு மணிக்குத்தான் செக்-இன். அந்த வரியை நான் படிச்சேனா? மைல் எவ்வளவு வரும்ங்கிற வரியை மட்டும் மூணு தடவை படிச்சேன்.

விடிகாலை நாலே கால். பட்டுப்புடவைப் பையும் பொட்டியுமா பதினோரு குடும்பம் ரெண்டு லாட்ஜ் வாசல்ல. ரூமெல்லாம் சனிக்கிழமை வந்தவங்க தூங்கிட்டிருக்காங்க. பெரியம்மா சூட்கேஸ் மேல உக்காந்துட்டாங்க. பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையை இங்க எழுத முடியாது. இன்னொரு லாட்ஜ்ல ராத்திரி டூட்டிப் பையன், பன்னெண்டு மணிக்கு வாங்க சார்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டான். அவனைக் குத்தம் சொல்லவும் முடியாது, அவன் திரையில அப்படித்தானே இருக்கு.

ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜ்ல ஓனரையே எழுப்பினாங்க. சிமெண்ட் ஆலைக்கு வர்ற லாரிக்காரங்க, கான்ட்ராக்டருங்க, கல்லுல புதைஞ்ச நத்தை சிப்பி பார்க்க வர்ற ஜியாலஜி பசங்கன்னு முப்பது வருஷமா பார்த்தவர். திட்டலை. காலியா கிடந்த ரெண்டு ரூமைத் திறந்துவிட்டார், டிரைவருங்க படுக்கிற மாடி ஹாலைக் கூட்டச் சொன்னார், வெந்நீருக்கு ஆளை எழுப்பினார். பொம்பளைங்க எல்லாம் ரெண்டு பாத்ரூம்ல முறை வெச்சுக் குளிச்சாங்க. முகூர்த்தத்துக்குப் பாதிப் பேர் வந்து சேர்ந்தாங்க. அத்தை ரெண்டு பேர் தாலி கட்டினதைப் பார்க்கவே இல்லை. அக்கா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுறா.

நடுவுல அவர் கேட்டார். "தம்பி, நீங்க யார் வீட்டுப் புள்ள?"

சொன்னேன்.

"அட, அண்ணன் மகனா! ஒரு போன் போட்டிருந்தா சனிக்கிழமை ராத்திரிக்கு வேற யாருக்கும் குடுக்காம வெச்சிருப்பேனே. இதுல பேரு மட்டும்தான தம்பி வருது. கல்யாண வீடுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கல்யாணம் முடிஞ்சு கணக்குத் தீர்க்கப் போனப்ப கொஞ்சம் உக்காந்து பேசினேன். 1,500 ரூபாய் ரூம்ல தளத்துக்குக் கமிஷன் 20 சதவீதம், 300 ரூபாய். அந்தக் கமிஷனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 54 ரூபாய். அவர் கைக்கு 1,146. 2025 செப்டம்பர் 22-லிருந்து 7,500 ரூபாய் வரைக்குமான ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமா குறைஞ்சது, தங்குறவங்களுக்கு நல்லதுதான். ஆனா அதோட லாட்ஜ்காரர் கட்டின வரியைக் கழிச்சுக்கிற வசதி போயிடுச்சு. அந்த 54 ரூபாயும் அவர் தலையிலதான்.

நம்ம மைல் எங்கிருந்து வருதுன்னு இப்பப் புரியுதா? அந்த 300 ரூபாய்ல ஒரு துண்டைத் தளம் விமானக் கம்பெனிக்குக் கொடுத்து மைல் வாங்குது, அதைத்தான் நமக்குத் தருது. பதினோரு ரூமுக்கு ரெண்டு லாட்ஜ்காரங்களும் சேர்ந்து இழந்தது, ஒரே கமிஷன்னு வெச்சாலும், 3,894 ரூபாய். என் கணக்குல ஏறினது ஆயிரத்து முன்னூறு சொச்சம் மைல். நூறு மைலை வெச்சு எங்க ஊர்ல டீ குடிக்க முடியாது. விமானக் கம்பெனிக்கோ இது தங்கம். கொரோனா வந்து விமானமெல்லாம் நின்ன 2020-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன்னோட மைலேஜ்ப்ளஸ் திட்டத்தையே அடகு வெச்சு 680 கோடி டாலர் கடன் வாங்குச்சு. நகையை அடகுக்கடைக்குக் கொண்டுபோற மாதிரிதான்.

"பிடிக்கலைன்னா லாட்ஜ்காரர் தளத்தை விட்டு வெளிய வரட்டுமே"ன்னு பின்னூட்டம் வரும், தெரியும். வந்துட்டா வெளியூர்க்காரன் கண்ணுக்கே தெரியாமப் போயிடுவார். போன்ல குறைச்சுக் கொடுக்கலாமேன்னா, அதுக்கும் ஒப்பந்தத்துல கட்டுப்பாடு போடுற வழக்கம் இருந்திருக்கு. எங்ககிட்ட இருக்கிற விலையைவிட வேற இடத்துல குறைவா போடாதேங்கிற மாதிரி நிபந்தனைகளுக்காகத்தான் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர்ல மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு 223.48 கோடி அபராதம் போட்டுச்சு. அதே வழக்குல ஓயோவுக்கு 168.88 கோடி.

இன்னொரு பக்கமும் இருக்கு, மறைக்கக் கூடாது. என் கூட வேலை பார்க்கிற பொண்ணு கங்கைகொண்ட சோழபுரம் பார்க்கத் தனியா கிளம்பினாங்க. போன் போட்ட ரெண்டு லாட்ஜ்லயும் "லேடீஸ் தனியா வந்தா ரூம் இல்லைங்க". ஆன்லைன்ல போட்டாங்க, ரசீது கையில, மறு பேச்சு இல்லாம சாவி கொடுத்தாங்க. அண்ணன் மகன்ங்கிற அடையாளம் எனக்கு இருக்கு, அவங்களுக்கு இல்லையே. அவங்க தளத்துல போடுறதை நான் தப்புன்னு சொன்னா என் வாய்ல மண்ணு.

மத்தபடி என் முடிவு இதுதான். சிங்கப்பூர்லயோ பெங்களூர்லயோ பெரிய ஹோட்டல்னா மைல் கணக்குப் பார்ப்பேன், அவங்களுக்கு என் சகாயம் தேவையில்லை. (மேரியட், ஹில்டன் மாதிரி ஹோட்டல்ல வேற தளம் வழியா போனா அவங்களோட சொந்தப் புள்ளி வழக்கமா கிடைக்காது, அதையும் பார்த்துக்கங்க.) பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம்னா போன்தான். நம்பர் தெரியாத ஊர்னா தளத்துல பார்த்துட்டு நேரா கூப்பிடுவேன்.

இந்த மைலை எங்க மாமாகிட்ட ஒரு தடவை விளக்கப் பார்த்தேன். பன்னெண்டு வருஷமா திருச்சி-சிங்கப்பூர் போய் வர்றவர், கட்டட வேலை. ஏஜென்ட் கொடுக்கிற டிக்கெட்ல ஏறி உக்காருவார். உறுப்பினர் எண்ணுன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. உண்மையாப் பறந்த மனுஷனுக்கு ஒரு மைல் கிடையாது, அரியலூர்ல ரூம் போட்ட எனக்கு ஆயிரத்து முன்னூறு. என்னோடது மூணு வருஷத்துல காலாவதி ஆயிடும். அதை வெச்சு எங்கயும் போக முடியாது.

அடுத்த மாசம் அக்காவுக்கு வளைகாப்பு. நாலு ரூம் வேணும்னு போன் போட்டேன். "எந்த வண்டி தம்பி?"ன்னு மட்டும் கேட்டார். மலைக்கோட்டைன்னேன். எழுதிக்கிட்டார்.