ஆச்சியின் வீடும் ஆகாசக் கூரையும்

சென்ற மாதம் சென்னையில் எனக்கு வேண்டிய ஆச்சி ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். காரைக்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில், பெரிய வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். வயது 80-க்கு மேல் ஆகிறது. இப்போது மகனோடு இருக்கிறார். நான் சென்ற வேளையில் டெலிவிஷனில் தொடர் நாடகம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. மாமியாரும் மருமகளும் கோர யுத்தம் செய்தார்கள். ஆச்சி அவர்களை லட்சியம் செய்யவில்லை. பின்னாலிருந்த தூணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அது எங்க வளவு. அந்த மூணாவது தூணுல சாஞ்சுதான் எங்க மாமியார் வெத்தலை போடுவாக. இப்ப யாரோ ஒரு பொண்ணு சாஞ்சுக்கிட்டு அழுகுது" என்றார். சற்றுப் பொறுத்து, "சுவத்தைப் பாரு. எங்க மாமனார் படத்தைக் கழட்டிட்டு, அந்த ஆணியில யாரோ ஒருத்தரை மாட்டி மாலை போட்டிருக்காக. அவர் நேத்து வேற நாடகத்துல உசிரோட வந்தாரே!" என்றார்.

நான் சிரித்தேன். ஆச்சி சிரிக்கவில்லை.

1998-ஆம் வருஷம் அமெரிக்காவில் வெளிவந்த 'தி ட்ரூமன் ஷோ' என்னும் படம் அப்போது என் நினைவுக்கு வந்தது. பீட்டர் வீர் டைரக்ட் செய்தது. ஜிம் கேரி நடித்தது. ஒரு கம்பெனி குழந்தை ஒன்றைத் தத்து எடுத்து, மகா பெரிய கூரையின் கீழ் அமைந்த பொய் ஊரில் வளர்க்கிறது. அங்கே கடலும் பொய், சந்திரனும் பொய். தாயார், மனைவி, சிநேகிதன் எல்லாரும் சம்பளம் வாங்கும் நடிகர்கள். 5,000 காமிராக்கள் அவன் வாழ்வை இரவு பகலாக உலகத்துக்குக் காட்டுகின்றன. விஷயம் தெரியாதவன் அவன் ஒருவனே. ஒரு நாள் காலையில் ஆகாயத்திலிருந்து விளக்கு ஒன்று அறுந்து விழுகிறது. அதன்மேல் ஒரு நட்சத்திரத்தின் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது!

இந்தக் கூத்துக்கு நடுவே விளம்பர இடைவேளை கிடையாது. வேண்டுவானேன்? புருஷன் மனங்கலங்கிக் கேள்வி கேட்கும் தருணத்தில் மனைவி ஒரு கொக்கோ டப்பாவை எடுத்து முகத்தருகே பிடித்துக்கொண்டு, அதன் குணாதிசயங்களை வர்ணிக்கிறாள். 'நீ யாரிடம் பேசுகிறாய்?' என்று அவன் திகைக்கிறான். நம் தொடர் நாடகங்களில் கதாநாயகி புடவைக் கடைப் பையைத் திருப்பிப் பிடித்து, பெயர் தெரியும்படி நிற்கும்போது இப்படிக் கேட்பார் யாருமில்லை.

அந்தப் பொய் ஊரைப் படம் பிடித்த இடம், பிளாரிடாவிலுள்ள ஸீஸைட் என்னும் நிஜ ஊர். மெய்யான ஊரே பொய்யூர் போல் அத்தனை ஒழுங்காக இருந்ததாம்!

காரைக்குடிக்கு இந்த வித்தை புதிதல்ல. 1945-ல் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் ஏ.வி.எம். நிறுவனத்தைத் தொடங்கி, தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ அமைத்தார். 1947 பொங்கலுக்கு வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். சுதந்திரம் வருவதற்கு முன்பே பாரதியார் பாட்டுக்களால் ஜனங்களுக்குச் சுதந்திரத்தைக் காட்டிவிட்ட படம் அது. கள்ள மார்க்கெட்டுக்காரர்களையும் ஒரு கை பார்த்தது. வியாபாரிகளின் சீமையிலிருந்து வியாபாரப் பேராசையைச் சாடும் படம் வந்ததை எண்ணி நான் பல முறை சந்தோஷப்பட்டதுண்டு. 1948-ல் ஸ்டூடியோ சென்னைக்குப் போய்விட்டது.

அக்காலத்தில் கொட்டகைக்குள் பலகையும் துணியும் கொண்டு மாளிகை செய்தார்கள். இன்று அந்தச் சிரமம் இல்லை. பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையுமாக அசல் மாளிகைகளே பூட்டிக் கிடக்கின்றன. பர்மாவும் மலாயாவும் கைவிட்ட பின் குடும்பங்கள் பட்டணங்களுக்குப் போயின. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். ஓடு மாற்றும் செலவை ஏற்பவர் சிலர். படப்பிடிப்புக்காரர் தரும் வாடகையில்தான் பல வீடுகளில் மழை உள்ளே இறங்காமல் இருக்கிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன், ஆச்சியும் சொல்லவில்லை. "வீடு இருக்குல்ல, அது போதும். படத்தை மட்டும் எங்க வச்சிருக்காகன்னு கேளு" என்றார்.

ட்ரூமனின் கதை முடிவில் அவன் சுவரைக் கண்டுபிடித்து, கதவைத் திறந்து வெளியே போய்விடுகிறான். உலகெங்கும் ரசிகர்கள் ஆனந்தக் கண்ணீர் விடுகிறார்கள். அடுத்த நிமிஷமே காவல்காரர் இருவர், வேறு எதைப் பார்க்கலாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். படத்தில் என்னை மிகவும் உறுத்திய இடம் அதுதான்.

ஆச்சியின் எதிரிலேயே ஊர்க் காவலாளுக்கு டெலிபோன் செய்தேன்.

"படம் பத்திரமா இருக்குங்க ஐயா. வேட்டியில சுத்தி இரண்டாங்கட்டு அறையில வச்சிருக்கேன். நாடகம் முடிஞ்சதும் மாட்டிடுவேன்."

"எப்போது முடியும்?"

"ஜனங்க பாக்குற வரைக்கும் எடுப்பாங்களாம்."

ஆச்சிக்குக் காது சற்று மந்தம். "என்ன சொல்றான்?" என்று கேட்டார். திரையில் மருமகள் இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.