கோட்டு போச்சு, நோட்டு வரலை

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை மக்களே. ஆணி அதிகம். அசைன்மென்ட் ஆணி, ராத்திரி ஓட்டல் சமையல்கட்டு ஆணி, இதுக்கு நடுவுல புதுசா ஒரு ஆணி. ஒரு இணையக் கடைகிட்ட "என் காசை எனக்கே திருப்பிக் குடுங்க"ன்னு 47 நாள் மன்றாடிக்கிட்டு இருந்தேன். எல்லாம் முடிஞ்சப்புறம் எழுதலாம்னு நினைச்சேன். முழுசா முடியற மாதிரி தெரியலை. அதனால இப்பவே.

மேட்டர் இதுதான். 2025 செப்டம்பர்ல இங்கே ஷெஃபீல்டுக்கு வந்தேன். இந்த ஊர் முழுக்க மேடு. மேட்டு மேல காத்து. அக்டோபர் மூணாம் தேதி இணையத்துல ஒரு குளிர் கோட்டு ஆர்டர் பண்ணேன். கோட்டு 123 பவுண்டு, டெலிவரி 5, ஆக மொத்தம் 128. கடை பேர் வேணாம், விடுங்க. ஏழாம் தேதி வந்துச்சு. போட்டுப் பார்த்தா கை நுனி வெளியே தெரியலை. கண்ணாடியில பார்த்தா கோணிக்குள்ள இருந்து ஒரு தலை மட்டும் எட்டிப் பார்க்குது. ரூம்மேட் மதுரைக்காரன் விழுந்து விழுந்து சிரிச்சான்.

மறுநாளே "வேண்டாம், ரத்து"ன்னு மெயில் போட்டேன். ஒன்பதாம் தேதி தபால்ல திருப்பி அனுப்பிட்டேன். பத்தாம் தேதி அவங்க கோடவுனுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சுன்னு டிராக்கிங் சொல்லுது. அவ்வளவுதானே, காசு வந்துடும்னு நினைச்சேன். ஹிஹி.

128 பவுண்டு பெரிய காசான்னு கேட்பீங்க. 2025-ல இங்கே 21 வயசு ஆனவங்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. அப்போ அது பத்தரை மணி நேரம் பாத்திரம் கழுவுன காசு. மாணவர் விசாவுல படிப்பு நடக்கிறப்போ வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். ஆக, பாதி வாரம். அந்தக் காசு திரும்பி வந்தாத்தான் வேற கோட்டு. நவம்பர்ல ராத்திரி பதினொரு மணிக்கு வேலை முடிஞ்சு ரெண்டு ஸ்வெட்டரை ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக்கிட்டு மேடு ஏறியிருக்கேன். பல்லு தாளம் போடும்.

இனி நான் பண்ண கூத்தைச் சொல்றேன். அக்டோபர் 20-ம் தேதி நான் எழுதுன முதல் மெயிலை இப்போ படிச்சா எனக்கே கேவலமா இருக்கு. "தொந்தரவுக்கு மன்னிக்கவும்"னு ஆரம்பம். "உங்கள் வேலைப் பளு புரிகிறது"ன்னு நடுவுல. "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்"னு முடிவு. அவங்ககிட்ட என் காசு இருக்கு, கோட்டும் அவங்ககிட்டயே இருக்கு. மன்னிப்பு கேட்கிறது நான்!

பதில் வந்துச்சு. "உங்கள் பொறுமைக்கு நன்றி." பொறுமையா இருக்கேன்னு இவங்ககிட்ட யார் சொன்னது? சாட்டுக்குப் போனா மொதல்ல ஒரு ரோபோ. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆள், ஒவ்வொருத்தருக்கும் முதல்ல இருந்து கதை சொல்லணும். "கோடவுன்ல இன்னும் சரிபார்க்கலை, மூணு அல்லது அஞ்சு வேலை நாள்" அப்படின்னு ஒரே பாட்டு. நவம்பர் முதல் வாரத்துல ஒரு தூண்டில் வேற: "பணத்துக்குப் பதிலா 135 பவுண்டுக்கு வவுச்சர் வாங்கிக்கிறீங்களா?" குளிர்ல விறைச்சுப் போய் உட்கார்ந்திருந்தவனுக்குக் கிட்டத்தட்ட கை போயிடுச்சு. ரூம்மேட்தான் தடுத்தான்.

அவன் சனி ஞாயிறுல ஒரு கோடவுன்ல, திரும்பி வர்ற பார்சலைப் பிரிக்கிற இடத்துல வேலை பார்க்கிறான். (இந்தக் கடையோடது இல்லை, வேற.) அவன் சொன்னது: "மாப்ள, வெளிய போற பார்சலுக்கு லாரி நேரம் இருக்கு. ஒரு நிமிசம் லேட்டானா சூப்பர்வைசர் கத்துவான். திரும்பி வர்ற பார்சல் கூண்டு கூண்டா நிக்கும். அதுக்கு யார்றா கத்துவா?"

எனக்கு இதுதான் விஷயமே. வேணும்னே யாரும் ஏமாத்தலைன்னே வச்சுக்குவோம். என் கோட்டைப் பிரிக்கலைன்னா அங்கே யாருக்கும் ஒண்ணும் ஆகாது. வாங்குறப்போ ஒரு செகண்டுல காசை உருவுற அதே இயந்திரத்துக்கு, திருப்பிக் குடுக்கிறப்போ மட்டும் மூட்டு வலி வந்துடுது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். கும்பகோணத்துல நான் எட்டாவது படிக்கிறப்போ அம்மா வாங்குன மிக்சி நாலாம் நாளே புகை விட்டுச்சு. பில்லுக்கு அடியில "ஒருமுறை விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது"ன்னு அச்சு. அம்மா தனியா போகப் பயந்து மாமாவைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. கல்லாவுக்கு முன்னாடி அரை மணி நேரம் நின்னோம். மாமா சொன்ன ஒரே வசனம்: "அண்ணாச்சி, கொஞ்சம் பார்த்து செய்யுங்க." அவர் பார்த்தார். செய்யலை. ரிப்பேர் கடைக்கு வழி சொல்லி அனுப்பினார்.

நம்ம ஊர்லயும் சட்டம் இல்லாம இல்லை. 2020 ஜூலையில நடைமுறைக்கு வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, பழுதான பொருளைத் திருப்பி எடுத்துக்கிட்டுக் காசைக் குடுக்க மறுக்கிறது முறையற்ற வணிகம்னே இருக்கு. பில்லுல கெடு போட்டிருந்தா அந்தக் கெடு, இல்லேன்னா 30 நாள். 1915-க்கு போன் போட்டுப் புகார் குடுக்கலாம். ஆனா நமக்கு வாயில வர்றது "பார்த்து செய்யுங்க"தான். பிளேன் ஏறி வந்தும் அதையேதான் நான் இங்கிலீஷ்ல எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்.

என் கண்ணைத் திறந்தவர் எங்க தெருமுனைக் கடை அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர். கடைக்குள்ளேயே தபால் கவுன்ட்டரும் வச்சிருக்கார். நான் கோட்டை அனுப்புன அன்னைக்கே சொன்னார்: "தம்பி, உந்தத் துண்டை எறிஞ்சு போடாதேங்கோ. காசு வந்து சேருமட்டும் வச்சிருங்கோ." நான் பத்திரமா பர்ஸ்ல வச்சுக்கிட்டேன். நவம்பர்ல பால் வாங்கப் போனப்போ புலம்புனேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "அந்தத் துண்டைப் படம் எடுத்து அவையளுக்கு அனுப்பினீங்களோ?"

அனுப்பலை.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து சட்டத்தைத் தேடிப் படிச்சேன். இங்கே 2013-ல போட்ட நுகர்வோர் ஒப்பந்த விதிகள், 2014 ஜூன் 13-ல இருந்து நடைமுறையில இருக்கு. கடைகிட்ட இணையத்துல வாங்குன பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம ரத்து பண்ணலாம். ரத்துன்னு சொன்ன 14 நாளுக்குள்ள பொருளைத் திருப்பி அனுப்பணும். கடைக்காரருக்கும் 14 நாள் கெடு. அந்தக் கெடு எப்போ ஆரம்பிக்குது தெரியுமா? பொருள் அவங்க கைக்குப் போன நாள், இல்லேன்னா நாம அனுப்பிட்டோம்ங்கிறதுக்கு ஆதாரம் குடுத்த நாள், இதுல எது முதல்ல வருதோ அது. அவங்க பார்சலைப் பிரிச்ச நாள் இல்லை! கூண்டுல நிக்குற கதை சட்டத்துக்குத் தேவையே இல்லை. எந்த வழியில காசு கட்டினோமோ அதே வழியில திருப்பணும். நாம ஒத்துக்கிட்டாத்தான் வவுச்சர். சாதாரண டெலிவரிக் கட்டணத்தையும் சேர்த்துத் திருப்பணும். (திருப்பி அனுப்புற செலவு நம்மளுது ஆகலாம், கடை முன்கூட்டியே சொல்லியிருந்தா. அதை நான் கட்டிட்டேன்.)

அப்போ அக்டோபர் 24-ம் தேதியே கெடு முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் நான் கேட்டுக்கிட்டு இருந்தது சலுகை இல்லை. கடன் பாக்கி. அவங்க கடனாளி, நான் கடன் குடுத்தவன். கடன் குடுத்தவன் எங்கேயாவது "தொந்தரவுக்கு மன்னிக்கவும்"னு எழுதுவானா?

நவம்பர் 17-ம் தேதி புது மெயில். மன்னிப்பு இல்லை, கோபமும் இல்லை. ஆர்டர் எண், ரத்து செஞ்ச தேதி, அனுப்புன ரசீதோட படம், போய்ச் சேர்ந்த தேதி, சட்டத்தோட பேர், தொகை. "டிசம்பர் 1-க்குள் வராவிட்டால் சிறு வழக்கு தொடுப்பேன்"னு கடைசி வரி. எட்டே வரிதான். நவம்பர் 25-ம் தேதி காசு வந்துடுச்சு. ஒரு சாரி கூட இல்லை.

வந்தது 123. டெலிவரி 5 பவுண்டைக் காணோம். ஸ்ஸ்ஸப்பா.

இப்போ என் கருத்துக்கு வர்றேன். "பார்த்தியா, சட்டம் ஜெயிச்சுடுச்சு"ன்னு சொல்லி முடிக்க எனக்கு மனசு வரலை. சட்டம் என்கிட்ட இருந்தும் 32 நாள் லேட். அந்த 32 நாளுக்கு அவங்களுக்கு என்ன நஷ்டம்? கோர்ட்டுக்கே போயிருந்தாலும் நான் கேட்கக்கூடிய வட்டி வருஷத்துக்கு 8 சதவீதம். 128 பவுண்டுக்கு ஒரு நாளைக்கு மூணு பென்ஸ் கூட வராது. வழக்கு போட 300 பவுண்டு வரைக்குமான தொகைக்கு முன்பணமா 35 பவுண்டு கட்டணும், ஜெயிச்சா சேர்த்துக் கேட்கலாம். பாத்திரம் கழுவுறவன் எத்தனை பேர் அதைக் கட்டுவான்? பாதிப் பேர் "போய்த் தொலையட்டும்"னு விட்டுடுவான். தாமதம் பண்றவங்களுக்கு அதுவே லாபம்.

இதே நாட்டுல ரயில் லேட்டானா கதை வேற. அரை மணியில இருந்து ஒரு மணிக்குள்ள லேட்டுன்னா பெரும்பாலான கம்பெனிகள்ல ஒருவழி டிக்கெட்டுல பாதிக் காசு நமக்கு. ஏன் லேட்டுன்னு நாம நிரூபிக்க வேண்டாம். ரீஃபண்டுக்கும் அப்படி ஒண்ணு வேணும்ங்கிறதுதான் என் கட்சி. கெடு தாண்டுன ஒவ்வொரு வாரத்துக்கும் இவ்வளவுன்னு தானா கூடணும். 2025 ஏப்ரல்ல இருந்து, நுகர்வோர் சட்டத்தை மீறுற கம்பெனிக்கு உலக வருமானத்துல 10 சதவீதம் வரைக்கும் அபராதம் போட இங்கே போட்டி ஆணையத்துக்கு அதிகாரம் வந்திருக்கு. நல்லதுதான். ஆனா அது என் அஞ்சு பவுண்டைத் தேடி வராது. கூண்டுல நிக்குற பார்சலுக்கும் ஒரு லாரி நேரம் வச்சாத்தான் யாராவது கத்துவாங்க.

ரூம்மேட் மறுத்தான். "பார்ட்டிக்குப் போட்டுட்டு வேர்வையோட திருப்பி அனுப்புறவன் இருக்கான் மாப்ள. நானே பிரிச்சிருக்கேன். சின்னக் கடைக்காரன் என்ன செய்வான்?" நியாயம். ஆனா அதுக்கும் விதியில இடம் இருக்கு. கடையில போட்டுப் பார்க்கிற அளவுக்கு மேல பயன்படுத்தியிருந்தா மதிப்பைக் கழிச்சுக்கலாம். கழிச்சுட்டு மீதியைக் குடுங்க, வேண்டாங்கலை. பிரிச்சுக்கூடப் பார்க்காம வச்சிருக்கிறதுக்கு வேர்வை எப்படிக் காரணமாகும்?

இங்கே படிக்க வர்ற தம்பி தங்கைகளுக்கு மூணு வரி. அனுப்புன அன்னைக்கே ரசீதைப் படம் எடுத்து மெயில் பண்ணுங்க. கெடு தாண்டுனா சாட்டுல கதை சொல்லாம, தேதி போட்டு எழுதுங்க. அதுக்கும் அசையலைன்னா டெபிட் கார்டுன்னாலும் பேங்க்ல சார்ஜ்பேக் கேளுங்க. அது சட்டம் இல்லை, கார்டு கம்பெனி விதி, பொதுவா 120 நாள் கெடு. கிரெடிட் கார்டுன்னா 1974 சட்டத்தோட 75-வது பிரிவு இருக்கு, பொருளோட விலை 100 பவுண்டுக்கு மேல 30,000 வரைக்கும் கார்டு கம்பெனியே பொறுப்பு. அமெரிக்க மக்களே, மனசு மாறுனா திருப்பித் தரலாம்ங்கிற பொது உரிமை உங்க மத்திய சட்டத்துல கிடையாது. கடையோட விதியை வாங்குறதுக்கு முன்னாடியே படிச்சுடுங்க.

அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "அஞ்சுதானேடா, விட்டுத் தொலை"ன்னாங்க. ரூபாய்ல சொன்னேன். ஐந்நூறுக்கு மேல. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"விடாதே. மாமாவைக் கூப்பிடட்டுமா?"

வேணாம்மா. இந்தத் தடவை நானே எழுதிட்டேன். அஞ்சு வரி. "பார்த்து செய்யுங்க" இல்லாம.

பி.கு: புதுக் கோட்டு வாங்கியாச்சு. கடைக்கு நேர்ல போய், போட்டுப் பார்த்து. கை வெளியே தெரியுது :-)