கொலைக்கு விடை மருந்துச் சீட்டில் இல்லை

கிள்ளானில் ஒரு குடும்பம் நமக்குத் தெரியும். மகனுக்கு 26 வயது. ஸ்கிசோஃப்ரினியா என்று தெரிந்து நான்கு வருடமாகச் சிகிச்சையில் இருக்கிறான். அரசு மருத்துவமனையில் 5 வெள்ளி கட்டி நிபுணரைப் பார்ப்பான், இரவில் மாத்திரை போட்டுக்கொள்வான், பகலில் ஒரு கிடங்கில் சரக்குப் பெட்டிகளை எண்ணி ஏற்றிவிடுவான். ஒரு சனிக்கிழமை இரவுக் காட்சிக்கு அம்மா, அக்காளோடு அவனும் போனான். கொலை மர்மப் படம். கடைசிக் கால்மணி நேரத்தில் திரையில் ஒரு டாக்டர் வந்து, கொலைகாரனின் நோய்க்குப் பெயர் சொன்னார். மகனின் சிகிச்சை அட்டையில் இருக்கும் அதே பெயர். பின்வரிசையில் ஒரு பையன், "நான் அப்பவே சொல்லல, தஞ்சோங் ரம்புத்தான் கேசுன்னு?" என்றான். சுற்றிலும் சிரிப்பு. அடுத்த மாதம் மகன் கிளினிக்குக்குப் போகவில்லை. அட்டையை நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டிருந்தான். அம்மா அதைப் பொறுக்கி எடுத்து, செலோடேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்.

அது எந்தப் படம் என்று கேட்பவர்களுக்கு நம் பதில் இதுதான்: எதுவாக இருந்தாலும் கதை ஒன்றுதான். 1960இல் ஹிட்ச்காக் தன் 'சைக்கோ' படத்தின் முடிவில் ஒரு மனநல மருத்துவரை நிறுத்தி விளக்கம் சொல்லவைத்தார். அந்த மருத்துவர் இன்றுவரை நம் படங்களை விட்டுப் போகவில்லை. 'ஆளவந்தான்' (2001) படத்தில் மனநலக் காப்பகத்திலிருந்து தப்பி வருகிறவன், சகோதரனின் மனைவியைக் கொல்லத் துரத்துகிறான். 'அந்நியன்' (2005) கொலைகளை நோயின் கணக்கிலும் கைதட்டலை நாயகனின் கணக்கிலும் எழுதியது. 'ராட்சசன்' (2018) இறுக்கமாக எடுக்கப்பட்ட படம், மறுக்கவில்லை. ஆனால் அரிய நோயால் முகம் முதிர்ந்துபோன ஒரு சிறுவனைப் பள்ளியில் எப்படியெல்லாம் கேலி செய்தார்கள் என்று மனம் நோகக் காட்டிவிட்டு, அதே முகத்தைக் காட்டித்தான் நம்மைப் பயமுறுத்தியது. 2020இல் மிஷ்கின் தன் கொலைகாரனிடம் இரக்கம் காட்ட உண்மையாகவே முயன்றார். ஆனாலும் சுவரொட்டியில் நின்ற தலைப்பு 'சைக்கோ'. அந்தச் சொல்லைத்தான் பையன்கள் வகுப்பறைக்குக் கொண்டுபோனார்கள்.

கடுமையான மனநோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதே அதிகம். மனநல மருத்துவ உலகம் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் உண்மை இது. கொலைக்குக் காரணம் பெரும்பாலும் பணமும் பகையும் குடியும் ஆத்திரமும்தான். இதைக் கதாசிரியர்கள் அறியாதவர்கள் அல்ல. பணத்தையும் பகையையும் வைத்து முடிச்சுப் போட்டால் உழைத்து அவிழ்க்க வேண்டும். நோயின் பெயரைச் சொல்லிவிட்டால் அந்த உழைப்பு மிச்சம். இந்தச் சோம்பேறித்தனத்துக்கு விலை கொடுப்பவர்கள் நோயாளிகள். இதைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

நம் ஊர்ப் பழியும் இதில் சேர்கிறது. பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை 1911இல் தொடங்கியது. இன்று அதன் பெயர் பகாகியா, அதாவது மகிழ்ச்சி. நூறு வருடத்துக்கு மேலாக எத்தனையோ குடும்பங்களுக்குப் பிள்ளைகளை மீட்டுக் கொடுத்த இடம். அந்த ஊர்ப் பெயரை நாம் ஏசுவதற்கு வைத்திருக்கிறோம். பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் கேட்கலாம், கிள்ளான் லிட்டில் இந்தியாவில் கேட்கலாம். வீட்டில் அப்பாவே மகனைப் பார்த்துச் சொல்வதையும் கேட்டிருக்கிறோம். அந்த ஏச்சுக்கு மேல் சினிமா ஒரு கத்தியையும் கொண்டுவந்து செருகுகிறது. மலேசியாவின் 2023ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வு, 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு என்றது. ஏறக்குறைய 10 லட்சம் பேர். 2019இல் 2.3 விழுக்காடாக இருந்தது இரட்டிப்பாகிவிட்டது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023இல் நாடாளுமன்றம் நீக்கியது. சட்டமே கையை எடுத்துவிட்டது. நோய்வாய்ப்பட்டவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதைத் திரைக்கதை மட்டும் ஏன் நிறுத்தவில்லை?

கொலை மர்மப் படமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கார்த்திக் நரேனின் 'துருவங்கள் பதினாறு' (2016) யாருடைய நோயையும் அடகு வைக்காமல் கடைசிவரை நம்மை உட்காரவைத்தது. இங்கேயும் 'ஜகாட்' (2015) எடுத்த சஞ்சய் குமார் பெருமாள், ஒரு சிறுவன் குண்டர் கும்பலின் பக்கம் எப்படி நகர்கிறான் என்பதை வீடு, பள்ளி, வறுமை என்று காரணங்களோடு காட்டினார். அந்தக் கண் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. சென்னையிலிருந்து வரும் அச்சை இரவல் வாங்க வேண்டிய தேவை கிள்ளான் பள்ளத்தாக்கில் கதை எழுதும் எவருக்கும் இல்லை.

திரைப்படத் தணிக்கை வாரியத்திடமும் கேட்கிறோம். 'கபாலி' (2016) இங்கே திரையிடப்பட்டபோது, கபாலி காவல்துறையிடம் சரணடைந்தார் என்று முடிவில் ஒரு வரி சேர்க்கப்பட்டது நினைவிருக்கிறதா? ரஜினி படத்தின் முடிவுக்கே ஒரு வரி சேர்க்க முடிந்த நாட்டில், நோயைக் கொலைக்குக் காரணமாகக் காட்டும் படத்தின் முடிவில், "இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை" என்ற வரியையும் 15555 என்ற மனநல உதவி எண்ணையும் போடுவதற்கு என்ன தடை? தமிழிலும் மலாயிலும் போடுங்கள். அரங்கில் விளக்கு எரிவதற்கு முன் போடுங்கள், எழுந்து போன பிறகு அல்ல.

படம் எடுப்பவர்களுக்கு: நோயின் பெயரை வசனத்தில் எழுதுவதற்கு முன் ஒரு மனநல மருத்துவரிடம் கதையைக் கொடுங்கள், அந்த நோயோடு வாழும் ஒருவரிடமும் கொடுங்கள். இந்திய மனநல மருத்துவர் சங்கம் எதிர்த்ததும் 2019இல் ஒரு இந்திப் படத்தின் தலைப்பிலிருந்து 'மெண்டல்' என்ற சொல் எடுக்கப்பட்டது. கேட்டால் மாற்ற முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. தமிழ்ப் படங்களை வாங்கி இங்கே வெளியிடும் விநியோகஸ்தர்களும் தப்ப முடியாது. மலாய் வசன வரிகளை எழுதுபவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் நீங்கள்தான். அடுத்த திரில்லர் வரும் வெள்ளிக்கிழமைக்குள் மேலே கேட்ட அந்த ஒரு வரியைச் சேர்த்துக் காட்டுங்கள்.