ஊசி போட்டால் விந்தணு பெருகுமா?

விந்தணு உருவாக டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். எனவே ஊசியாகப் போட்டுக்கொண்டால் எண்ணிக்கை கூடும் என்கிறார்கள். முதல் பாதி சரி. மறுபாதி தலைகீழ்.

ஒன்று: விந்தணுவாகும் செல்கள் அந்த ஹார்மோனை நேரடியாக வாங்குவதில்லை. விரையிலுள்ள லேடிக் செல் சுரப்பதைப் பக்கத்துச் செர்டோலி செல் வாங்குகிறது. விந்தணுவை வளர்ப்பது அதுதான்.

இரண்டு: விரைக்குள் டெஸ்டோஸ்டிரோன் செறிவு இரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு. புட்டத்தில் குத்தும் ஊசி அதை எட்டுமா?

மூன்று: இரத்தத்தில் ஹார்மோன் ஏறியதும் பிட்யூட்டரி சுரப்பி, விரைக்கு உத்தரவிடும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்கள் இரண்டையும் குறைத்துவிடும். உத்தரவு வராத லேடிக் செல் எதைச் சுரக்கும்?

உலக சுகாதார நிறுவனத்தின் 1990ஆம் ஆண்டு ஆய்வில், ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டார்கள். பெரும்பாலோருக்கு விந்தணுவே அற்றுப்போனது. ஆராய்ந்தது எதற்காக? கருத்தடைக்காக!