மூழ்கும் நகையும் மூடிய பெட்டகமும்

பள்ளிக்கூடம் திறக்கிறது, பிள்ளைக்குப் பணம் கட்டவேண்டும். வயலிலே நடவு, கூலி கொடுக்கவேண்டும். வீட்டிலே நோய், மருந்து வாங்கவேண்டும். ஏழைத் தாயின் கை தானாகவே காதுக்குப் போகிறது. தோடு கழல்கிறது, அந்த இடத்தில் வேப்பங்குச்சி ஏறுகிறது. அடகுக்கடைக்காரர் தோட்டை உரசிப் பார்க்கிறார், எடை போடுகிறார், ஒரு சிறு உறையில் இட்டு உள்ளே எடுத்துச் செல்கிறார். அவள் கையில் எஞ்சுவது ஒரு சீட்டு.

அந்த உறை எங்கே போகிறது? இந்த ஒரு கேள்வியைத்தான் இன்று நாம் கேட்கிறோம்.

வட்டிக் கொடுமையைப் பற்றி நாம் பேசாத மேடை இல்லை. பேசவேண்டியதே, இன்னும் உரக்கப் பேசுவோம். ஆனால், வாங்கும் வட்டியைப் பற்றிப் பேசிய அளவுக்கு, வைத்த பொருளின் காவலைப் பற்றிப் பேசினோமா? கொடிய வட்டி ஏழையைச் சிறுகச் சிறுகக் கரைக்கிறது. காவலற்ற வைப்போ, ஓர் இரவிலே அவளுடைய உடைமை முழுவதையும் இல்லாமற் செய்துவிடுகிறது.

அடகு என்பது விற்பனை அன்று. கடனுக்கு ஈடாகப் பொருளை ஒப்படைப்பது என்றே 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் கூறுகிறது. அறிவுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளை எவ்வாறு காப்பாரோ, அவ்வாறே பிறர் ஒப்படைத்த பொருளையும் காக்கவேண்டும் என்கிறது. விற்கும் நிலை வந்தாலும் முன்னறிவிப்பு தரவேண்டும். கடன் போக மிஞ்சியது உடையவருக்கே உரியது. பின்னர், 1943இல் சென்னை மாகாணத்திலே அடகுக்காரர் சட்டம் வந்தது. உரிமம், சீட்டு, கணக்கேடு, ஏலம் ஆகியவற்றுக்கு முறை வகுத்தது.

ஏட்டிலே முறை இருக்கிறது. நாட்டிலே நடப்பது என்ன?

தெருமுனைக் கடைக்காரர் சிலர், மக்களிடம் வாங்கிய நகைகளைத் தம் பெயரிலே வேறிடத்தில் மறு அடகு வைத்து, அந்தப் பணத்தைக் கொண்டே மேலும் கடன் கொடுக்கின்றனர். ஒப்பந்தச் சட்டமும் தம் உரிமையின் அளவுக்கு அவ்வாறு வைக்க இடமளிக்கிறது. தாய் பணத்தோடு வந்து நிற்கிறாள். 'நாளைக்கு வா அம்மா' என்கிறார் கடைக்காரர். மறுநாளும் அதே பதில். நகை கடையில் இருந்தால் அல்லவா கொடுப்பதற்கு! ஒரு நாள் கடையே பூட்டிக் கிடந்தால் அவள் எங்கே போவாள்? சீட்டு அவள் கையில் இருக்கிறது. நகை இருக்கும் இடமோ அவள் பெயரையே அறியாது. வட்டி கட்டத் தவறியவளின் நகை மூழ்குவது ஒரு துயரம். வட்டியும் முதலும் கட்டியவளின் நகை மறைவது அநீதி அன்றோ?

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் ரிசர்வ் வங்கி புதிய விதிகளை வெளியிட்டது. நகையைச் சோதிக்கும்போது கடன் பெறுபவர் உடனிருக்கவேண்டும். பாதுகாப்பான பெட்டகத்தில் வைக்கவேண்டும். இடையிடையே திடீர்ச் சோதனை நடத்தவேண்டும். கடன் தீர்ந்தபின் ஏழு வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தரவேண்டும். கடன் கொடுத்தவரின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பிறர் அடகாகப் பெற்ற நகையை ஈடாக ஏற்றுக் கடன் கொடுப்பதும் கூடாது. நல்ல விதிகள், வரவேற்கிறோம். ஆனால் இவை வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் வகுக்கப்பட்டவை. மாநிலச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற தெருக்கடைக்கு இவை எட்டா. வங்கிப் படியேறக் கூசும் ஏழை போவது அந்தக் கடைக்குத்தானே! பெருங்கடனுக்குப் பெட்டகக் காவல், சிறுகடனுக்குத் தகரப்பெட்டியா?

'விதிகளை இறுக்கினால் சிறு கடைகள் மூடப்படும். ஏழை கந்துவட்டிக்காரரிடம் போய்ச் சிக்குவான்' என்பர் சிலர். இது ஒதுக்கத்தக்க வாதம் அன்று. சிறு கடைக்காரரும் பிழைக்கவேண்டியவரே. ஆனால் நாம் கேட்பது மாளிகைப் பெட்டகம் அன்று. 1872இலேயே இங்கிலாந்தின் அடகுச் சட்டம், தீயில் எரிந்த பொருளுக்கும் கடைக்காரரே பொறுப்பு என்றது. அதற்காக அவர் காப்பீடு செய்துகொள்ளவும் வழி தந்தது. அதே ஆண்டு இங்கே வந்த ஒப்பந்தச் சட்டமோ, தக்க கவனத்தோடு காத்தும் பொருள் அழிந்தால் பொறுப்பில்லை என்றது! இந்தோனேசியாவிலே 1901 முதல் அரசே அடகுக்கடை நடத்திவருகிறது. மனம் இருந்தால் வழி உண்டு.

எனவே நாம் கேட்பவை நான்கு. நகையின் எடையும் தரமும் எழுதிய உறையை, உடையவர் கண்முன்னே முத்திரையிடவேண்டும். நகை வைக்கப்படும் இடத்தைச் சீட்டிலே குறிக்கவேண்டும். மறு அடகு தடுக்கப்படவேண்டும். கடன் தொகைக்கு மட்டும் அன்றி, நகையின் அன்றைய மதிப்புக்கே காப்பீடு வேண்டும். சிறு கடைகள் கூட்டாகக் காப்பீடு பெற அரசு துணை நிற்கவேண்டும். கணக்கேட்டை மட்டும் புரட்டிவிட்டுப் போகாமல், உறைகளையும் எண்ணிப் பார்க்கும் ஆய்வு ஆண்டுதோறும் நடக்கவேண்டும்.

தோழர்களே! அடுத்த வாரம் உங்கள் தெருவிலே நான்கு வீடுகளுக்குச் செல்லுங்கள். அடகுச் சீட்டுகளை வாங்கிப் படியுங்கள். பொருள் எங்கே இருக்கிறது, தொலைந்தால் எவ்வளவு கிடைக்கும் என்று அவற்றில் எழுதியிருக்கிறதா, பாருங்கள். பார்த்ததைக் கிளைக் கூட்டத்திலே சொல்லுங்கள். அந்தச் சீட்டுகளே சட்டமன்றத்தின் முன் நாம் வைக்கும் சாட்சிகள்.

காதிலே வேப்பங்குச்சியுடன் காத்திருக்கிறாள் அந்தத் தாய். அவள் கேட்பது இரக்கம் அன்று, ஒப்படைத்த பொருள். வட்டிக்கு வரம்பு கேட்டோம். வைப்புக்குக் காவல் கேட்போம்!