சந்தையும் நலன்புரி அரசும்: வரி செலுத்துவது யார்?

திறந்த சந்தைப் பொருளாதாரத்தையும் நலன்புரி அரசையும் ஒன்றுக்கொன்று பகையானவையாகக் காட்டும் வழக்கம் இலங்கையின் அரசியல் விவாதங்களில் நீண்டகாலமாக இருந்துவருகிறது. பொருளாதாரம் வளரவேண்டுமானால் மானியங்களைக் கைவிடவேண்டும் என்று ஒரு தரப்பினரும் இலவசக் கல்வியையும் இலவச மருத்துவத்தையும் காப்பாற்றவேண்டுமானால் சந்தைக்குக் கடிவாளம் போடவேண்டும் என்று மறுதரப்பினரும் வாதிடுவார்கள். ஆனால், தேர்தல் மேடைகளில் எல்லோருமே இரண்டையும் சேர்த்துத் தருவதாகத்தான் வாக்குக் கேட்டார்கள்.

1977 பொதுத்தேர்தலில் ஜே.ஆர். ஜெயவர்தன வாரத்துக்கு 8 இறாத்தல் தானியம் தருவதாகக் கூறினார். ஆட்சிக்கு வந்ததும் நாட்டின் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். 1994 இல் சந்திரிகா குமாரதுங்க 'மனிதமுகத்துடன் கூடிய' திறந்த பொருளாதாரம் பற்றிப் பேசினார். 2015 ஆம் ஆண்டுக்குப் பின்னர் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க சமூக சந்தைப் பொருளாதாரம் என்றார். பெயர்கள்தான் மாறின. இந்த இணைப்புக்கான செலவைக் கொடுப்பது யார் என்ற கேள்வியை மட்டும் எவரும் மேடைக்குக் கொண்டுவரவில்லை.

இணைப்பு சாத்தியமானதே. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் மேற்கு ஜேர்மனியில் லுட்விக் எர்ஹார்ட் விலைக்கட்டுப்பாடுகளை நீக்கிச் சந்தைக்கு இடமளித்தபோது, பிஸ்மார்க் காலத்தில் 1883 ஆம் ஆண்டிலேயே தொடங்கிய சுகாதாரக் காப்புறுதி கைவிடப்படவில்லை. டென்மார்க்கில் தொழிலாளரை வேலையிலிருந்து நீக்குவது முதலாளிக்குப் பெரிய சிரமமல்ல. ஆனால், வேலை இழந்தவர் தெருவில் விடப்படுவதில்லை. வேலையற்றோர் கொடுப்பனவும் மறுபயிற்சியும் அவருக்குக் கிடைக்கின்றன. இதைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிற செய்தி, அந்த நாடு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 40 சதவீதத்துக்கும் அதிகமானதை வரியாக வசூலிக்கிறது என்பதாகும். செல்வந்தர்கள் மாத்திரமல்ல, கடையில் பொருள் வாங்கும் சாதாரண குடிமகனும் அங்கு 25 சதவீத பெறுமதிசேர் வரி செலுத்துகிறார். செலுத்தியதற்கு ஈடாகத் தனது பிள்ளைக்குப் பாடசாலையும் முதுமைக்கு ஓய்வூதியமும் கிடைப்பதை அவர் தன் கண்ணால் காண்கிறார்.

இலங்கையில் வரிசைக்கிரமம் தலைகீழானது. இங்கு சந்தைச் சீர்திருத்தத்துக்கு முன்னதாகவே, ஏன், சுதந்திரத்துக்கும் முன்னதாகவே நலன்புரி அரசு வந்துவிட்டது. 1931 இல் கிடைத்த சர்வஜன வாக்குரிமை அரசியல்வாதிகளைக் கிராமங்களுக்குப் போகவைத்தது. 1942 இல் போர்க்கால ஏற்பாடாக அரிசிப் பங்கீடு தொடங்கியது. 1945 இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. வருமானம் குறைந்த ஒரு நாடு எழுத்தறிவிலும் ஆயுள் எதிர்பார்ப்பிலும் எவ்வாறு இந்தளவுக்கு உயர்ந்தது என்று அமர்த்தியா சென் போன்ற அறிஞர்கள் பின்னாளில் ஆராய்ந்தார்கள்.

அதற்கான பணத்தில் பெரும்பங்கு தேயிலை, இறப்பர், தெங்கு ஏற்றுமதிகளில் இருந்து வந்தது. தேயிலைக் கொழுந்தைப் பறித்த கைகள் யாருடையவை என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த மக்களின் குடியுரிமை 1948 சட்டத்தினால் பறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. கன்னங்கராவின் இலவசக் கல்வி தோட்டத்து லயங்களின் வாசலுக்கு வரவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்பதற்கு 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மருத்துவமும் தோட்ட நிருவாகத்தின் தயவில் விடப்பட்டது. இலங்கையின் நலன்புரி அரசைப் பற்றிப் பெருமையுடன் எழுதப்பட்ட கட்டுரைகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பாகவே வந்துபோகும். என்னைப் பொறுத்தவரை முதலில் சொல்லவேண்டியதே இதுதான். நலன்புரி அரசின் கட்டணத்தைச் செலுத்தியவர்கள் அதன் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள்.

கொரியப் போரை அடுத்து ஏற்றுமதி விலைகள் விழுந்தபோது 1953 இல் நிதியமைச்சராக இருந்த ஜே.ஆர். ஜெயவர்தன பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்தில் இருந்து 70 சதமாக உயர்த்தினார். ஆகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. உயிர்கள் பலியாகின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூடவேண்டியதாயிற்று. பிரதமர் டட்லி சேனநாயக்க அக்டோபரில் பதவி விலகினார். மானியத்தில் கைவைத்தால் ஆட்சி போகும் என்ற பாடத்தை அரசியல்வாதிகள் அன்று கற்றுக்கொண்டார்கள். மானியத்துக்கு நிலையான வருமானம் தேடவேண்டும் என்ற பாடம் அவர்களின் கண்ணில் படவில்லை.

1979 இல் அதே ஜெயவர்தன, ஜனாதிபதியாக, பங்கீட்டு அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரையைக் கொண்டுவந்தார். முத்திரையின் பெறுமதி பணவீக்கத்துக்கு ஏற்ப உயரவில்லை. விலைகள் ஏற ஏற அது சுருங்கிக்கொண்டே போனது. ஹர்த்தால் எதுவுமின்றி மானியம் கரைந்தது. பிறகு பிரேமதாசவின் ஜனசவிய வந்தது. அதன்பிறகு சமுர்த்தி வந்தது. யாருக்குக் கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பதில் வறுமையை விடக் கட்சி விசுவாசம் முந்திக்கொண்டது என்ற குற்றச்சாட்டு இத்திட்டங்களைத் தொடர்ந்து துரத்தியது.

இதற்கிடையில் அரசாங்க வருமானம் இறங்கிக்கொண்டே சென்றது. 1990களின் தொடக்கத்தில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 20 சதவீதமாக இருந்த வருமானம் 2022 இல் சுமார் 8 சதவீதத்துக்கு வந்துவிட்டது. திறந்த பொருளாதாரத்தினால் ஒரு புதிய செல்வந்த வர்க்கம் உருவாகிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் இது நடந்தது. இடைவெளியைக் கடன் நிரப்பியது. போர்ச் செலவும் அதனுடன் சேர்ந்துகொண்டது. 2019 இறுதியில் கோட்டாபய ராஜபக்ச பெறுமதிசேர் வரியை 15 சதவீதத்தில் இருந்து 8 சதவீதமாகக் குறைத்து, வருமான வரிக்கான வருடாந்த வரம்பை 30 இலட்சம் ரூபாவாக உயர்த்தியபோது வர்த்தக சமூகம் கைதட்டியது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அந்தக் கைதட்டலைப் பற்றி இப்போது எவரும் பேசுவதில்லை.

பத்திரிகையாளர்களாகிய எங்களுக்கும் இதில் பங்குண்டு. வரவு செலவுத்திட்ட தினத்தன்று பால்மா, சீனி, சிகரெட், மதுபானம் ஆகியவற்றின் விலை கூடியதா, குறைந்ததா என்பதே தலைப்புச் செய்தியாகும். வருமானப் பக்கத்தைப் படிக்கும் வாசகர் இல்லை என்று ஆசிரிய பீடங்கள் நினைத்தன.

2023 ஜனவரியில் மாதம் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல் சம்பாதிப்பவர்கள் மீது புதிய வருமான வரி விதிக்கப்பட்டபோது மருத்துவர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் வீதிக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் இலவசக் கல்வியின் புதல்வர்கள் என்பதைச் சுட்டிக்காட்டிய விமர்சகர்கள் இருந்தார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால், சம்பளத்தில் இருந்து வரி கழிக்கப்படுபவர் தப்பமுடியாது; கணக்கு காட்டாத வியாபாரியும் காணி உரிமையாளரும் தப்பிக்கொள்கிறார்கள் என்று அவர்கள் கூறியதிலும் நியாயம் இருந்தது. அதே ஆண்டு ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும திட்டத்தில் விடுபட்டவர்களிடம் இருந்து இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன.

சர்வதேச நாணய நிதியத்துடன் 2023 மார்ச்சில் செய்துகொண்ட உடன்பாட்டில் அரசாங்கம் பல வாக்குறுதிகளை அளித்தது. அவற்றில் பெறுமதிசேர் வரியைப் பற்றியும் சொத்து, வாரிசுரிமை ஆகியவற்றின் மீதான வரிகளைப் பற்றியும் இருந்தவை கவனிக்கத்தக்கவை. பெறுமதிசேர் வரி 2024 ஜனவரி முதலாம் திகதி 18 சதவீதமாகியது. அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த பொருட்கள் பலவும் அதற்குள் கொண்டுவரப்பட்டன. லயத்தில் வாழும் பெண் கடையில் வாங்கும் சவர்க்காரத்துக்கும் கொழும்பில் மாளிகை வைத்திருப்பவர் வாங்கும் சவர்க்காரத்துக்கும் ஒரே வரிதான். 2025 ஆம் ஆண்டளவில் கொண்டுவருவதாகக் கூறப்பட்ட சொத்து வரியும் வாரிசுரிமை வரியும் குறித்த காலத்தில் வந்துசேரவில்லை.